எல்லாக் கல்லூரியும் ஏன் ஒரே மாதிரி தெரிகிறது?

கேள்வி: ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் கடை வைத்திருக்கிறேன். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கட்-ஆஃப் 160ஐ ஒட்டி வருகிறது. கவுன்சலிங்குக்கு முன்னால் கல்லூரிகளை நேரில் பார்த்துவிடலாம் என்று, போன மாதம், அதாவது மே மாதம், ஒரு சனிக்கிழமை வாடகை கார் எடுத்துக்கொண்டு திண்டுக்கல் பக்கமும் மதுரை பக்கமுமாக ஒரே நாளில் மூன்று பொறியியல் கல்லூரிகளைப் பார்த்து வந்தோம். மூன்றிலும் அதே கண்ணாடி முகப்பு, அதே புல்தரை, அதே ஏசி போட்ட கம்ப்யூட்டர் லேப், அதே காபி, அதே பேச்சு. வீட்டுக்கு வந்த பிறகு போனில் எடுத்த போட்டோவைப் பார்த்துத்தான் எது எந்தக் கல்லூரி என்றே சொல்ல முடிந்தது. எல்லாக் கல்லூரியும் ஏன் இப்படி ஒரே மாதிரி இருக்கின்றன? நேரில் போய்ப் பார்ப்பதால் உண்மையிலேயே பிரயோஜனம் உண்டா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஒட்டன்சத்திரம்)

பதில்: வணக்கம் ஐயா. பொறியியல் கல்லூரிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் எடுத்துவிட்டு இப்போது திண்டுக்கல்லில் ஓய்வாக இருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் போதும், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "சார், எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்?" உங்கள் கேள்வி வேறு ரகம். கல்லூரியைப் பார்த்துவிட்டு வரும் அப்பாக்கள் "பார்த்தோம் சார், பிரமாதமாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். மூன்றைப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டவர், எனக்குத் தெரிந்து, நீங்கள் ஒருவர்தான். உங்கள் கண்ணில் குறையில்லை. நீங்கள் பார்த்த மூன்றும் உண்மையிலேயே ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது.

நம்மில் பெரும்பாலோர் மனதில் ஊறிப்போன ஓர் எண்ணத்தை முதலில் கழற்றி வைத்துவிடுவோம். கட்டடத்தைப் பார்த்தால் கல்லூரி தெரிந்துவிடும் என்பது அது. இவ்வளவு பெரிதாகக் கட்டியவர் நன்றாகத்தானே நடத்துவார் என்று நாம் கணக்குப் போடுகிறோம். ஆனால் பொறியியல் கல்லூரிக்கு அனுமதி கொடுக்கும் மத்திய அமைப்பு ஒன்று உண்டு: அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, சுருக்கமாக ஏஐசிடிஇ. வகுப்பறை எத்தனை சதுர மீட்டர், ஆய்வகம் எத்தனை, எத்தனை மாணவருக்கு ஒரு கம்ப்யூட்டர், நூலகம் எவ்வளவு பெரிது என்று அதன் கையேட்டில் எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது. வகுப்பறைக்கு 66 சதுர மீட்டர். அளவு குறைந்தால் அனுமதி இல்லை. ஆக, நீங்கள் பார்த்த மூன்றும் ஒரே அளவுக்குத் தைத்த மூன்று சட்டைகள். முகப்பில் கண்ணாடி வைப்பது மட்டும் ஏஐசிடிஇ விதி கிடையாது; அது நம் ஊர் முதலாளிகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்துகொண்டது.

கட்டடத்தை நம்பாதவர்கள் வாசலில் இருக்கும் போர்டை நம்புகிறார்கள். அதில் இரண்டு பெயர்கள் கட்டாயம் இருக்கும். ஒன்று நாக், அதாவது கல்லூரி முழுவதையும் மொத்தமாக மதிப்பிட்டுத் தரம் கொடுக்கும் தேசிய அவை. மற்றொன்று என்பிஏ, இது சிவில், மெக்கானிக்கல் என்று பாடப்பிரிவு பாடப்பிரிவாகப் பார்த்து அங்கீகாரம் கொடுக்கும் வாரியம். உங்கள் மகளுக்கு இரண்டாவதுதான் முக்கியம். கல்லூரிக்கு நாக் 'ஏ' இருக்கலாம். அவள் சேரப்போகும் பிரிவுக்கு என்பிஏ இல்லாமலும் இருக்கலாம். அங்கீகாரம் எந்த வருஷம் வரைக்கும் என்பதையும் பாருங்கள். காலாவதியான பிறகும் சில போர்டுகள் இறங்குவதில்லை. இந்தத் தரச் சான்று கொடுப்பவர்களும் மனிதர்கள்தான். 2025 பிப்ரவரியில், ஆந்திராவில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு உயர்ந்த தரம் கொடுக்க லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவினரையே சிபிஐ கைது செய்தது. போர்டைப் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு நிறுத்தாதீர்கள்.

இனி நிஜமான காரணத்துக்கு வருகிறேன். நீங்கள் போனது மே மாதம், அதுவும் சனிக்கிழமை. செமஸ்டர் தேர்வு முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போயிருப்பார்கள், ஆசிரியர்களில் பாதிப் பேர் விடைத்தாள் திருத்தும் மையத்தில் இருப்பார்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் காலி மண்டபத்துக்குப் போய், சாப்பாடு எப்படி இருந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? மண்டபம் என்றால் எல்லா மண்டபமும் ஒன்றுதான். காலை ஒன்பது மணிக்கும் மாலை நாலரை மணிக்கும் நடுவில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து செய்கிற காரியத்துக்குப் பெயர்தான் கல்லூரி. அதை நீங்கள் பார்க்கவே இல்லை.

இரண்டாவது காரணம், உங்களைக் கூட்டிக்கொண்டு போனவர். அவர் அட்மிஷன் பிரிவைச் சேர்ந்தவராக இருப்பார். அவர் எந்தக் கதவைத் திறந்தாரோ அதைப் பார்த்தீர்கள். திறக்காத கதவு கண்ணில் படவில்லை. இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா, ஐயா? கடைக்கு வரும் தக்காளிப் பெட்டியின் மேல்தட்டைப் பார்த்து நீங்கள் என்றைக்காவது விலை போட்டிருக்கிறீர்களா? கையை உள்ளே விட்டு அடியில் இருப்பதை எடுத்துப் பார்த்த பிறகுதானே பேசுவீர்கள். மார்க்கெட்டில் இவ்வளவு உஷாராக இருக்கும் மனிதர், மகளின் நாலு வருஷப் படிப்புக்கு மட்டும் மேல்தட்டைப் பார்த்துவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் என் பையனுக்குக் கல்லூரி தேடியபோது இதையேதான் செய்தேன். அதுவும் கல்லூரி வாத்தியாராக இருந்துகொண்டு!

உள்ளே பார்க்காமலே எடுக்கும் இந்தப் பழக்கம் நமக்கு வந்ததற்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்தது. நம் பழனி சாலையில் இருக்கும் பி.எஸ்.என்.ஏ. கல்லூரி தொடங்கியது அந்த வருஷம்தான். பிறகு 1997 முதல் ஒற்றைச் சாளர முறை வந்தது. ஒரே இடத்தில், மதிப்பெண் வரிசைப்படி, எல்லாக் கல்லூரி இடங்களையும் நிரப்புவதுதான் அந்த முறை. அந்த ஒரே இடம் சென்னை கிண்டி அண்ணா பல்கலைக்கழகம். திண்டுக்கல்லில் ராத்திரி ரயில் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, குளித்தும் குளிக்காமலும் கிண்டிக்கு ஓடிய குடும்பங்களை நான் அறிவேன். அங்கே பெரிய திரையில் கல்லூரிப் பெயர்களும் காலி இடங்களும் ஓடும். கண் முன்னால் 7 என்பது 6 ஆகும், 5 ஆகும். கூப்பிட்டதும் உள்ளே போய்ச் சில நிமிஷத்தில் சொல்லியாக வேண்டும். அதுவரை பெயரைக்கூடக் கேட்டிராத கல்லூரியை எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் ஏராளம். 2018இல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறியது. அலைச்சல் போயிற்று, அந்தத் திரையும் போயிற்று. பார்க்காமலே எடுக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் போன வருஷக் கட்-ஆஃப் பட்டியலும்தான் இன்றைக்கும் பாதி வீடுகளில் முடிவு எடுக்கின்றன.

அமெரிக்காவில் கல்லூரியை நேரில் போய்ப் பார்ப்பதை ஒரு சடங்கு மாதிரி செய்கிறார்கள். கல்லூரி மாணவர் ஒருவரே வழிகாட்டியாக, வருகிறவர்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே பின்னோக்கி நடந்து வளாகத்தைச் சுற்றிக்காட்டுவார். அங்கே சில கல்லூரிகள், நேரில் வந்து பார்த்தவரா என்பதையும் அட்மிஷனில் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. நம் கலந்தாய்வுக் கம்ப்யூட்டருக்கு நீங்கள் வந்ததும் தெரியாது, காபி குடித்ததும் தெரியாது. கணிதத்தை நூறுக்கும், இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதுக்கும் சுருக்கிக் கூட்டிய இருநூறுக்கான கட்-ஆஃப், இட ஒதுக்கீட்டுப் பிரிவு, நீங்கள் கொடுக்கும் பட்டியல், இந்த மூன்றும்தான் அதற்குத் தெரியும்.

அப்படியானால் போய்ப் பார்ப்பது எதற்கு? அந்த மூன்றாவது விஷயத்துக்காக. 'சாய்ஸ் ஃபில்லிங்' என்பார்கள். கல்லூரியையும் பாடப்பிரிவையும் விருப்ப வரிசைப்படி அடுக்கிக் கொடுப்பது. எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம். உங்கள் மகளின் முறை வரும்போது கம்ப்யூட்டர் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்து, காலி இருக்கும் முதல் இடத்தை ஒதுக்கிவிடும். இதிலும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. "கிடைக்கக்கூடியதை மேலே போடு, பெரிய கல்லூரியை மேலே போட்டால் இருக்கிறதும் போய்விடும்" என்பார்கள். போகாது. மேலே இருப்பது கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டர் அடுத்ததற்கு இறங்கிவிடும், அவ்வளவுதான். கிடைக்கக்கூடியதை மேலே போட்டால்தான் ஆபத்து: அதற்கும் நல்ல இடம் காலியாக இருந்தும் உங்களுக்கு வராது. ஆக, வரிசை சரியாக இருக்க வேண்டும். நாலாவதாக எதை வைப்பது, ஐந்தாவதாக எதை வைப்பது என்று தீர்மானிக்கத்தான் நேரில் பார்ப்பது உதவும். ஒரே ஒரு நல்ல கல்லூரியைக் கண்டுபிடிக்கும் வேலை என்று நினைத்துப் போனதால்தான் உங்களுக்கு மூன்றும் குழம்பியது.

எப்போது போவது? ரிசல்ட் மே மாதம் வந்துவிடுகிறது. 2025இல் மே 8ஆம் தேதி வந்தது. பொதுக் கலந்தாய்வோ ஜூலையில்தான் ஆரம்பிக்கிறது. நடுவில் இரண்டு மாதம் இருக்கிறது. கோடை விடுமுறை முடிந்து சீனியர் மாணவர்கள் திரும்பி, அடுத்த செமஸ்டர் வகுப்புகள் ஓடத் தொடங்கிய பிறகு போங்கள். எந்தத் தேதியில் திறக்கிறார்கள் என்று கல்லூரி அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டால் சொல்வார்கள். செவ்வாய், புதன் மாதிரி வாரத்தின் நடுநாளாக இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு கல்லூரி போதும். "மகள் சேர விரும்பும் துறையை வகுப்பு நடக்கும்போது பார்க்க வேண்டும், துறைத் தலைவரிடம் பத்து நிமிஷம் பேச வேண்டும்" என்று முன்கூட்டியே கேளுங்கள். வேலை நாளில் வர வேண்டாம், சனிக்கிழமை வாருங்கள் என்று சொன்னால், அந்தப் பதிலையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை இருந்தால் இன்னும் வசதி, நிதானமாகப் பார்க்கலாம். அரசுப் பள்ளி என்றால், 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் பிளஸ் டூ மாணவர்களைப் பக்கத்துக் கல்லூரிகளுக்குக் களப்பயணமாகக் கூட்டிப்போகிறார்கள். பிள்ளையை அன்றைக்கு லீவு போட விடாதீர்கள்.

வாடகை கார் வேண்டாம். ஒட்டன்சத்திரத்திலிருந்து மகள் தினமும் போய் வரப்போகிறாள் என்றால், அவள் போகிற மாதிரியே போங்கள்: அதே காலை நேரம், அதே பஸ், மகளும் கூட. கல்லூரி பஸ் உங்கள் ஊருக்கு எத்தனை மணிக்கு வரும், எத்தனை ஊர் சுற்றிப் போகும் என்று கேளுங்கள். ஆறே முக்காலுக்கு பஸ் என்றால் ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டும், மாலை வீடு திரும்ப ஆறரை ஆகும். நாலு வருஷம். இதற்கு நாக் தரம் கொடுப்பதில்லை. ஆனால் காலை முதல் வகுப்பில் தூங்கி வழிந்த பிள்ளைகளில் அதிகம் பேர் கடைசி ஸ்டாப்பிலிருந்து வந்தவர்கள் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த பஸ்ஸில் வரும் மூன்றாம் வருஷப் பிள்ளைகள்தான் உங்களுக்கு முதல் சாட்சிகள். கல்லூரி எதிரே இருக்கும் டீக்கடைக்காரர் இரண்டாவது சாட்சி.

உள்ளே போனதும் ஆடிட்டோரியத்தை விடுங்கள், நேரே துறைக்குப் போங்கள். துறை நோட்டீஸ் போர்டில் கால அட்டவணை ஒட்டியிருப்பார்கள். எந்த வகுப்பை எந்த ஆசிரியர் எடுக்கிறார் என்று அதில் பெயர் இருக்கும். ஏஐசிடிஇ கணக்குப்படி 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர். வருஷத்துக்கு 60 பேர் சேரும் பிரிவில் நாலு வருஷத்துக்கும் சேர்த்து 240 பேர். ஆக சுமார் 12 ஆசிரியர்கள் இருக்க வேண்டும். கல்லூரியின் இணையதளத்தில் 12 பெயர் இருக்கிறது, அட்டவணையில் ஏழு பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், மீதி ஐந்து பேர் எங்கே என்று மரியாதையாகக் கேளுங்கள்.

நான் சந்தேகப் பிராணி என்று நினைக்காதீர்கள். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. தமிழ்நாட்டில் 224 பொறியியல் கல்லூரிகளில், 353 பேர் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் கணக்கில் இருக்கிறார்கள் என்பது அதன் புகார். அண்ணா பல்கலைக்கழகமே விசாரணையில் இறங்க வேண்டியதாயிற்று. அந்தக் கல்லூரிகளிலும் ஆய்வுக் குழு போய்ப் பார்த்துத்தான் அனுமதி கொடுத்திருந்தது. ஆய்வு நாளில் மட்டும் முளைக்கும் ஆசிரியர்கள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். வெகு காலத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், ஆய்வுக்கு முந்தின ராத்திரி லாரியில் நூலகப் புத்தகங்கள் வந்து இறங்கின. மூன்றாம் நாள் அதே லாரியில் திரும்பிப் போயின. அடுக்கிவைத்த கைகளில் என் கையும் ஒன்று. அதனால்தான் சாதாரண செவ்வாய்க்கிழமை போகச் சொல்கிறேன். சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு யாரும் லாரி வைப்பதில்லை.

நூலகம் என்றதும் நினைவுக்கு வருகிறது. எத்தனை ஆயிரம் புத்தகம் என்று கேட்காதீர்கள், அந்த எண் அவர்களுக்கு மனப்பாடம். மகளின் பிரிவுக்கான அலமாரியிலிருந்து நாலைந்து புத்தகங்களை எடுத்துப் புரட்டுங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதியை முத்திரை குத்தும் சீட்டு இன்னும் பல நூலகங்களில் புத்தகத்துக்குள் ஒட்டியிருக்கும். கடைசி முத்திரை ஏழு வருஷத்துக்கு முன்னால் விழுந்தது என்றால், அந்தப் புத்தகத்துக்கு அலமாரிதான் வாசகர்.

ஆய்வகத்தில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி. அதையும் ஆசிரியரிடம் கேட்கக் கூடாது, அங்கே நிற்கும் மாணவியிடம் கேட்க வேண்டும்: "இந்த மெஷினில் உன் கையால் என்ன செய்தாய்?" கண்கள் விரிந்து விவரம் சொன்னால் நல்லது. "சார் செய்து காட்டினார்" என்றால் சுமார். "இது ஆய்வுக்கு வருகிறவர்களுக்காக" என்று சிரித்தால் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. லேத் பட்டறையில் தரையில் இரும்புச் சுருள் கிடக்க வேண்டும், எண்ணெய்க் கறை இருக்க வேண்டும். பளபளவென்று துடைத்து வைத்த லேத்தைக் கண்டால் எனக்குக் கொலுப் பொம்மை ஞாபகம்தான் வரும்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் மகளைப் பெண்கள் கழிப்பறைக்குப் போய் வரச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டிய விஷயமில்லை இது. தண்ணீர் வருகிறதா, கதவு தாழ்ப்பாள் போடுகிறதா, நாப்கின் போட வசதி இருக்கிறதா என்று அவள் வந்து சொல்வதற்குச் சமமான ஆய்வறிக்கை எந்த வாரியத்திடமும் இல்லை. ஹாஸ்டல் என்றால் அம்மாவை உள்ளே அனுப்புங்கள். அங்கே தங்கியிருக்கும் பிள்ளைகள் சாப்பிடும் நேரமாகப் பார்த்துப் போவது நல்லது. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் மே மாதப் பயணத்துக்கும் மதிப்பு உண்டு: நம் பக்கத்தில் மே மாதம் எந்த வளாகத்துக்குள் தண்ணீர் லாரி நுழைகிறது என்று பார்த்துவிடலாம். அன்றைக்கு எடுத்த போட்டோக்களில் லாரி எதுவும் நிற்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

அடுத்தது பிளேஸ்மென்ட், அதாவது படிக்கும்போதே கம்பெனிகள் வந்து ஆள் எடுப்பது. மூன்று கல்லூரியிலும் கிட்டத்தட்ட நூறு சதவீதம் என்றிருப்பார்களே? பொய் சொல்லாமலே அப்படிச் சொல்ல வழி இருக்கிறது. "எலிஜிபிள்" மாணவர்களில் நூறு சதவீதம் என்பார்கள். அரியர் இல்லாமல், குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்கு மேல் எடுத்து, பெயர் கொடுத்தவர்கள் மட்டும் அந்தக் கணக்கில் வருவார்கள். ஆகவே இப்படிக் கேளுங்கள்: நாலு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பிரிவில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் வேலைக் கடிதம் வாங்கியவர்கள் எத்தனை பேர், ஒருவருக்கே மூன்று கடிதம் கிடைத்திருந்தால் அதை மூன்றாக எண்ணினீர்களா, ஒன்றாக எண்ணினீர்களா? சம்பளத்தில் உச்சத் தொகையைக் கேட்காதீர்கள். அது ஒரே ஒரு பிள்ளையின் சம்பளம், போஸ்டரில் இருப்பதும் அந்தப் பிள்ளைதான். நடுமதிப்பைக் கேளுங்கள்; வேலை கிடைத்த எல்லோரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்தால் சரிபாதியில் நிற்பவர் வாங்கும் தொகை அது. உங்கள் பாஷையில் சொன்னால், ஒரு பெட்டி அதிசய விலைக்குப் போனதை வைத்து அன்றைய மார்க்கெட் நிலவரம் பேச மாட்டீர்கள் அல்லவா?

தேர்ச்சி விகிதத்தை ஒப்பிடும்போது ஒரு சங்கதி. தன்னாட்சிக் கல்லூரி என்றால், பட்டம் பல்கலைக்கழகம் கொடுத்தாலும் கேள்வித்தாளும் தேர்வும் கல்லூரியே நடத்திக்கொள்வது. மற்ற இணைப்புக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் தேர்வு நடத்தி, கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விகிதத்தையும் வெளியிடுகிறது. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. தன்னாட்சியை அதே ரகத்தோடும், இணைப்புக் கல்லூரியை அதே ரகத்தோடும் ஒப்பிடுங்கள்.

ஒன்று கேட்கிறேன். ரெட்டியார்சத்திரத்தில் அண்ணா பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் உறுப்புக் கல்லூரி இருக்கிறது, திண்டுக்கல் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி. ஒட்டன்சத்திரத்திலிருந்து திண்டுக்கல் போகும் உங்கள் கார் ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டித்தான் போயிருக்கும். அங்கே இறங்கினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. விளம்பரப் பலகை இல்லாத கல்லூரி கண்ணில் படாமல் போவது சகஜம்தான். அதுதான் சிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பட்டியலில் இடம் கொடுத்து, மற்றவற்றைப் பார்த்த அதே கண்ணோடு அதையும் பாருங்கள். எந்த மாதம் போனாலும் வேறாகவே தெரிகிற வளாகம் ஒன்றும் நம் மாவட்டத்தில் உண்டு: சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம். 1947இல் காந்தியவாதிகளான டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய இடம். 1956இல் கிராமியக் கல்வி நிலையம், 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்குவதே அங்கே பாடத்திட்டத்தில் இருக்கிறது. உங்கள் மகளுக்குப் பொறியியல்தான் வேண்டும் என்றாலும், ஒரு கல்லூரி இன்னொன்றைப் போல இருந்தே ஆக வேண்டியதில்லை என்று தெரிந்துகொள்ள அங்கே ஒரு நடை போய் வரலாம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. கலந்தாய்வில் வரும் இடத்துக்குக் கல்விக் கட்டணம் அரசின் குழு நிர்ணயித்ததுதான். பஸ், ஹாஸ்டல், டிரெய்னிங், சீருடை என்று அதன் மேல் ஏறுவதுதான் ஊருக்கு ஊர் மாறும். நாலு வருஷத்துக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். நன்கொடை வாங்குவது 1992 முதல் தமிழ்நாட்டில் சட்டப்படி குற்றம். "ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள், சீட்டைப் பிடித்து வைக்கிறோம்" என்று அன்போடு சொல்வார்கள், கொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது.

இவ்வளவு எழுதிவிட்டு உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். கார் வருகிறது, கண்ணாடி வருகிறது, காபி வருகிறது. மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லையே, ஐயா? அட்மிஷன் அலுவலகத்தில் அப்பா பேச, அம்மா தலையாட்ட, பிள்ளை செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சியை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அடுத்த தடவை கேள்விகளை அவள் கையால் ஒரு நோட்டில் எழுதட்டும், அவளே கேட்கட்டும். கான்டீனில் சீனியர் பெண்களோடு அரை மணி நேரம் அவளைத் தனியாக விட்டுவிட்டு நீங்கள் வெளியே டீக்கடையில் உட்காருங்கள். அப்பா எதிரில் எந்தச் சீனியரும் உண்மை பேசுவதில்லை. வரும் வழியில், பஸ்ஸிலேயே, வீட்டுக்கு வந்து மற்றவர்கள் அபிப்பிராயம் சொல்வதற்கு முன்னால், பத்துக்கு எத்தனை என்று அவளிடம் கேட்டு அதே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சாய்ஸ் ஃபில்லிங் நாளில் போட்டோ வேண்டாம், அந்த நோட்டு போதும்.

இந்த வருஷம் நேரம் இன்னும் இருக்கிறது. வகுப்புகள் திறந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை கடையைத் தம்பியிடமோ கணக்குப்பிள்ளையிடமோ விட்டுவிட்டு, மகளோடு காலை பஸ் ஏறுங்கள். ஜன்னல் ஓர இடம் அவளுக்கு.